ஹெட் பேக்கிங் திரும்பத் திரும்பப் போகுதா? ஹெட்டை லேத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பிளாக்கைப் பாருங்க

கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கம் ஓடுற ஜீப்புகளுக்கு ஹெட் பேக்கிங் (எஞ்சின் பிளாக்குக்கும் அதுக்கு மேல மூடி மாதிரி உக்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற தகடு) போறது ஒண்ணும் புதுசு இல்ல. விடியிறதுக்கு முன்னாடி ஏலத்தோட்டத்துக்கு ஆள ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டோ போடிமெட்டோ ஏறணும், சாயங்காலம் அதே லோடோட இறங்கணும், நடுவுல எஸ்டேட் ரோட்டுல ஃபர்ஸ்ட் கியர்லயே உருளணும். அதனால பேக்கிங் போனா "மேடு ஏறுற வண்டி அப்பிடித்தாம்ப்பா"ன்னு எல்லாரும் மேட்டு மேல பழியப் போட்டுட்டு புதுசு வாங்கி மாட்டிர்றாய்ங்க. மூணு மாசத்துல மறுபடி அதே கதை.

இப்பிடி வர்ற வண்டில நான் முதல்ல கேக்குறது ஒண்ணுதான், போன தடவ பிளாக்கு ஃபேஸ்ல, அதாவது பேக்கிங் உக்கார்ற மேல் முகத்துல, ஸ்ட்ரெயிட் எட்ஜ் (கோணல் பாக்குற நேரான இரும்புப் பட்டை) வச்சுப் பாத்தாய்ங்களா? "அண்ணே, ஃபேஸிங் பண்ணித்தாண்ணே போட்டாங்க, பில்லு கூட இருக்கு"ம்பாய்ங்க. ஃபேஸிங்னா லேத்துல ஃபேஸ லேசா வெட்டி நேராக்குறது. பில்லு ஹெட்டுக்குத்தான தம்பி, பிளாக்குக்கு இருக்கா? இருக்காது. ஹெட்டைத் தூக்கி ஆட்டோல போட்டு லேத்துக்குக் கொண்டு போயிரலாம், பிளாக்கு வண்டியிலயே உக்காந்திருக்கு, அதை துணியால ஒரு தொட தொடச்சு விட்டுர்றது. பேக்கிங் ரெண்டு ஃபேஸுக்கும் நடுவுல நசுங்கி நிக்கிற சாமான், மேல இருக்குறது மட்டும் கண்ணாடியா இருந்து என்ன புண்ணியம்.

கீழ ஒவ்வொரு கம்ப்ளைண்ட்டா எழுதுறேன், உங்க வண்டி எதுல பொருந்துதோ அதைப் படிங்க, ஆனா அடுத்த ரெண்டு பகுதிய எல்லாரும் படிச்சிருங்க.

முதல்ல, போனது பேக்கிங்தானா?

குமுளிக்கு மேல வண்டிப்பெரியார், பீருமேடு பக்கம் ஓடுற வண்டில ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா உள்பக்கம் வெள்ளையா கொழகொழன்னு ஒட்டியிருக்கும், அதைப் பாத்து பயந்து வந்துருவாங்க சேட்டன்மாரு. குளிர்ல நிக்கிற வண்டிய எஞ்சின் நல்லா சூடாகுறதுக்குள்ள நிறுத்தி நிறுத்தி ஓட்டுனா உள்ள இருக்குற ஈரம் மூடியில படிஞ்சு ஆயிலோட கலந்து அப்பிடி ஆகும். டிப்ஸ்டிக்ல ஆயில் சுத்தமா இருக்கு, ரேடியேட்டர்ல தண்ணி குறையலன்னா ஹெட்டு மேல கை வைக்காதீங்க, ஒரு நாள் தேனி வரைக்கும் நல்லா ஓட்டிட்டு வந்து மறுபடி பாருங்க.

தண்ணி மட்டும் குறையுதுன்னா வாட்டர் பம்ப்புக்கு கீழ இருக்குற சின்ன ஓட்டைல ஈரமா இருக்கா, ஹீட்டர் ஹோஸ், ரேடியேட்டர் மூடி ரப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துருங்க. புது டீசல் வண்டின்னா ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திரும்பிப் போற புகைய ஆறவைக்கிற சாமான்) உள்ள ஓட்டையாகி தண்ணிய எஞ்சினுக்குள்ள குடிச்சு வெள்ளப் புகை தள்ளும், அப்பிடியே ஹெட் பேக்கிங் போன மாதிரியே நடிக்கும். மூடியையும் சாதாரணமா நினைக்காதீங்க. குமுளி கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், அங்க வெறும் தண்ணி 97 டிகிரியிலயே கொதிச்சிரும், நல்ல மூடி ஒரு பார் பக்கம் அழுத்தம் புடிச்சு நிக்கிறதாலதான் அந்தக் கொதிநிலை 20 டிகிரி மேல போகுது. மூடி ஸ்பிரிங் செத்துப் போச்சுன்னா எல்லாம் நல்லா இருக்குற எஞ்சினே மேட்டுல கொதிக்கும்.

பேக்கிங்தான்னு உறுதி பண்ண: ராத்திரி நின்ன வண்டி, எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும், சூடுல மூடிய திறந்து மூஞ்சிய பொசுக்கிக்காதீங்க. மூடியத் திறந்து ரேடியேட்டர நிறைய ஊத்தி ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டர் குடுங்க. ஆரம்பத்துல நாலஞ்சு குமிழி வர்றது உள்ள நின்ன காத்து. நிக்காம வரிசையா வந்துக்கிட்டே இருந்தா, ஆக்ஸிலேட்டர் குடுக்க குடுக்க கூடுச்சுன்னா, அது சிலிண்டர் கேஸ். நீலக் கலர்ல ஒரு டெஸ்ட் மருந்து கிடைக்குது, ரேடியேட்டர் வாய்ல வச்சு உறிஞ்சுனா கேஸ் இருந்தா பெட்ரோல் வண்டிக்கு மஞ்சளாவும் டீசலுக்கு பச்சையாவும் மாறும். ஸ்டார்ட் பண்ண ஒரு நிமிஷத்துலயே, தண்ணி சூடாகாமலே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுச்சுன்னாலும் அதேதான்.

கழட்டும்போது பண்ணவே கூடாதது

சூட்டோட ஹெட்ட கழட்டாதீங்க, அலுமினியம் ஹெட்டுன்னா கண்டிப்பா கோணிக்கும். போல்ட்ட இறுக்குற வரிசைக்கு தலைகீழா, அதாவது ஓரத்துல இருந்து நடுவுக்கு, மூணு தவணைல லூஸ் பண்ணுங்க. ஹெட்டு வரலன்னு ஃபேஸுக்கு நடுவுல ஸ்க்ரூடிரைவரோ உளியோ விட்டு நெம்புறது இருக்கே, அந்த ஒரு தழும்பு போதும் அடுத்த பேக்கிங் போறதுக்கு.

எடுத்த உடனே ஸ்கிராப்பரத் தேடாதீங்க, இது ரொம்ப முக்கியம். நம்ம ஆளுங்க பேக்கிங்கை பிச்சு குப்பைல போட்டுட்டு ரெண்டு ஃபேஸையும் பளபளன்னு ஆக்கிட்டு அப்பறம் "எங்கண்ணே லீக்கு"ன்னு கேப்பாய்ங்க. அழுக்குலதான சாட்சி இருக்கு. பழைய பேக்கிங்க உக்காந்திருந்த திசைலயே ஒரு அட்டைல வச்சு ரெண்டு பக்கமும் போன்ல போட்டோ எடுங்க, ஹெட்டு, பிளாக்கு ரெண்டையும் கழுவாம போட்டோ எடுங்க. சிலிண்டர் வாயில இருக்குற இரும்பு வளையத்துல இருந்து தண்ணி ஓட்டை வரைக்கும் கறுப்பா ஒரு கோடு போயிருக்கும், கேஸ் போன பாதை அது. ஒரு இடத்துல வளையம் நல்லா நசுங்கி பளபளப்பா இருந்து இன்னொரு இடத்துல நசுங்காமலே மங்கலா இருந்தா அங்க இறுக்கம் பத்தலன்னு அர்த்தம். அந்த இடத்துக்கு நேரா பிளாக்குலயும் ஹெட்டுலயும் மார்க்கர் வச்சு வட்டம் போட்டுக்கங்க, அளக்கும்போது முதல்ல அங்கதான் பாக்கணும்.

கம்ப்ளைண்ட்: சமதரைல ஒண்ணும் இல்ல, மேட்டுல மட்டும் தண்ணிய வெளிய தள்ளுது

நம்ம ஊர்ல அதிகமா வர்றது இதுதான். மலை அடிவாரத்துல இருக்குற லோயர் கேம்ப் வரைக்கும் டெம்பரேச்சர் முள்ளு அசையாது, மலை ஏற ஆரம்பிச்சு நாலஞ்சு வளைவுக்குள்ள ரிசர்வ் டப்பா நிறைஞ்சு வழியும். பழைய டீசல் எஞ்சின்லயே ஃபுல் லோடுல எரியும்போது உள்ள 70, 80 பார் அழுத்தம் வரும், காமன் ரெயில்ங்கிற புது வகை டீசல் வண்டின்னா 150ஐ தாண்டும். சும்மா ஓடும்போது அந்த அழுத்தம் இல்ல, அதனால லேசா கோணுன ஃபேஸ் கூட தாக்குப்புடிக்கும், செகண்ட் கியர்ல அழுத்தி மிதிக்கும்போது கேஸ் தண்ணிக்குள்ள இறங்கி தண்ணிய வெளிய தள்ளிரும், அப்பறம் தண்ணி இல்லாம எஞ்சின் சூடாகும். சூடானதால பேக்கிங் போச்சுன்னு நினைப்போம், பல நேரம் பேக்கிங் போனதாலதான் சூடே ஆயிருக்கும்.

இதுக்கு ரெண்டு ஃபேஸையும் அளக்கணும். நல்ல ஸ்ட்ரெயிட் எட்ஜ் ஒண்ணு வாங்குங்க, ஸ்கூல் ஸ்கேல், அலுமினிய சட்டம், தச்சர் வைக்கிற மட்டம் இதெல்லாம் வச்சு அளந்து ஏமாறாதீங்க. ஃபேஸ் சுத்தமா இருக்கணும், எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும். ஹெட்ட வால்வு முட்டாம மரக்கட்டை மேல, ஃபேஸ் மேல பாத்த மாதிரி வச்சு, நீளவாக்குல ரெண்டு ஓரமும், குறுக்க ரெண்டு முனையும், மூலைக்கு மூலை ரெண்டும்னு ஆறு இடத்துல வைங்க. நடுவுல சிலிண்டருக்கு சிலிண்டர் இருக்குற பாலத்துலயும் குறுக்க வச்சுப் பாருங்க. ஸ்ட்ரெயிட் எட்ஜுக்கு கீழ ஃபீலர் கேஜ் (தடிமன் அளவு போட்ட மெல்லிசான தகடு) நுழையுதான்னு பாக்கணும்.

எவ்வளவு நுழையலாம்ங்கிறதுக்கு உங்க எஞ்சின் மேனுவல்தான் கடைசி வார்த்தை. அது கையில இல்லன்னா நாலு சிலிண்டருக்கு பொதுவா நீளவாக்குல 0.10 மில்லிமீட்டர் வரைக்கும் பொறுக்கலாம், குறுக்க 0.05க்குள்ள இருக்கணும். அலுமினியம் ஹெட்டு, ஸ்டீல் தகடு அடுக்குன எம்எல்எஸ் பேக்கிங்குன்னா நான் நீளவாக்குலயும் 0.05க்கு மேல விடமாட்டேன். இன்னொரு விஷயம், 0.10ங்கிறது ஒரு முனைல இருந்து இன்னொரு முனை வரைக்கும் மெதுவா வளைஞ்சு வர்றதுக்கு. ரெண்டு விரக்கடை தூரத்துல திடீர்னு 0.05 பள்ளம் இருந்துச்சுன்னா அது மொத்த வளைவு 0.10 இருக்குறதவிட மோசம், பேக்கிங் அந்தப் பள்ளத்துக்குள்ள இறங்காது.

இப்ப இதே ஆறு இடம், அதே பாலங்க, பிளாக்குல. வண்டியிலயே இருந்தா ஸ்டட்ட எல்லாம் கழட்டிரணும், கைடு புஷ் (ஹெட்ட சரியான இடத்துல உக்கார வைக்கிற சின்னக் குழாய்) நீட்டிக்கிட்டு இருந்தா அதையும் எடுக்கணும், இல்லன்னா ஸ்ட்ரெயிட் எட்ஜ் உக்காராது. இரும்பு பிளாக்கு கோணாதுன்னு ஒரு நம்பிக்கை ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு தடவ நல்லா வெந்த எஞ்சின்ல நடு ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல பள்ளம் விழுறது சகஜம். அங்க 0.10 நுழைஞ்சுச்சுன்னா எத்தன பேக்கிங் போட்டாலும் வேலைக்காகாது, பிளாக்க இறக்கித்தான் ஆகணும். ஓனருக்கு இத சொல்றது கஷ்டம், கேரளா டாக்சி ஓனருன்னா சீசன் நேரத்துல இன்னும் கஷ்டம், ஆனா அளவ ஃபீலர் கேஜோட அவர் கையிலயே குடுத்து நுழைச்சுப் பாக்கச் சொன்னா பேச்சு அதோட முடிஞ்சிரும்.

லைனர் (பிளாக்குக்குள்ள தனியா இறக்குற சிலிண்டர் குழாய்) போட்ட எஞ்சின்னா இன்னும் ஒரு அளவு இருக்கு. லைனர் வாய் பிளாக்கு ஃபேஸவிட எவ்வளவு மேல நிக்கணும்னு மேனுவல்ல குடுத்திருப்பாங்க, நூத்துல சில பங்கு மில்லிமீட்டர்தான் அது. லைனர மேல இருந்து அழுத்திப் புடிச்சுக்கிட்டு டயல் கேஜ் வச்சு நாலு பக்கமும் அளங்க. ஒண்ணு ஃபேஸுக்கு கீழ இறங்கியிருந்தா அந்த சிலிண்டர்ல பேக்கிங் வளையம் நசுங்கவே நசுங்காது. பக்கத்து லைனரவிட அதிகமா நீட்டியிருந்தா அது ஹெட்ட தூக்கிப் புடிச்சுக்கிட்டு பக்கத்து சிலிண்டர கெடுக்கும். லைனர் உக்கார்ற படியில அழுக்கு, துரு, பழைய ஷிம் துண்டு இருந்தாலே இந்த அளவெல்லாம் மாறிப் போயிரும், அதனால புது லைனர் இறக்குறதுக்கு முன்னாடி படிய விரலால தடவிப் பாருங்க.

கம்ப்ளைண்ட்: பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர்ல கம்ப்ரஷன் இல்ல

ரெண்டுக்கும் நடுவுல பாலம் எரிஞ்சிருக்கு. வண்டி ரொம்ப நாள் அப்பிடியே ஓடியிருந்தா கேஸ் அந்த இடத்துல இரும்பையே அரிச்சு வாய்க்கா போட்டிருக்கும், நகத்த வச்சு இழுத்தா மாட்டும். நகம் மாட்டுற அளவுக்கு வாய்க்கா இருந்தா எமரி போட்டு சரியாக்க முடியாது. ஹெட்டுல இருந்தா ஃபேஸிங்ல போகுமான்னு பாக்கணும், பிளாக்குல இருந்தா பிளாக்கு ஃபேஸிங். அனபாண்ட் பசைய அப்பி மூடுற யோசனைய விட்டுருங்க, எரியிற நெருப்புக்கு முன்னாடி அது ஒரு நாள் தாங்காது. எரிஞ்சதுக்கு காரணம் பம்ப் டைமிங் முன்னாடி போனதா, நாசில் (டீசல் தெளிக்கிற முனை) சொட்டுறதா, போல்ட் தளர்ந்ததான்னு பாக்காம மூடுனீங்கன்னா திரும்ப அங்கயே எரியும்.

கம்ப்ளைண்ட்: காலைல ஸ்டார்ட் பண்ணா மிஸ்ஸிங், வெள்ளப் புகை, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குறையுது

ராத்திரி நிக்கிறப்போ தண்ணி சிலிண்டருக்குள்ள கசியுது. கழட்டிப் பாத்தா ஒரு சிலிண்டர் மட்டும் கரி இல்லாம கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருக்கும், ஆள் அதுதான். நிறைய தண்ணி இறங்கியிருந்தா ஸ்டார்ட்டர் அடிச்ச உடனே கனெக்டிங் ராடே வளைஞ்சிரும், அதனால சந்தேகம் வந்துட்டா நாசிலையோ ஹீட்டர் பிளக்கையோ கழட்டிட்டு முதல்ல கையால சுத்துங்க.

இங்க கோணல் மட்டும் காரணமா இருக்காது. அலுமினியம் ஹெட்டுல தண்ணி ஓட்டையச் சுத்தி அரிச்சு தின்னிருக்கும், போர் தண்ணியோ ஓடத் தண்ணியோ கிடைச்சத ஊத்தி ஓட்டுன வண்டில இத அடிக்கடி பாக்கலாம். அரிப்பு பேக்கிங்கோட சீல் கோட்டுக்கு வெளிய, ஓட்டைக்கு உள்பக்கமாவே நின்னிருந்தா விட்டுரலாம். சீல் கோடு வரைக்கும் வந்திருந்தா ஆர்கான் வெல்டிங் வச்சு நிரப்பி ஃபேஸ் பண்ணணும், இல்ல ஹெட்ட மாத்தணும். ஸ்டீல் பசைய வச்சு ரொப்பி மேல எமரி தேச்சு நைசாக்கி அனுப்புறாய்ங்க, பாக்க அழகாத்தான் இருக்கும், ரெண்டு தடவ சூடாகி ஆறுச்சுன்னா பேந்து வந்துரும்.

விரிசலையும் பாத்துருங்க, முக்கியமா இன்டேக் வால்வுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் நடுவுல. அலுமினியத்துக்கு சிவப்பு கலர் டை அடிச்சு தொடச்சுட்டு வெள்ள டெவலப்பர் அடிச்சா விரிசல் கோடா தெரியும். இரும்பு ஹெட்டுக்கு காந்தம் வச்சு இரும்புத் தூள் தூவிப் பாக்குற முறை இருக்கு. ரெண்டையும்விட நம்பகமானது தண்ணி வழிய எல்லாம் அடைச்சு காத்து ஏத்தி சுடுதண்ணித் தொட்டில முக்கிப் பாக்குறது, சில விரிசல் சூடானாத்தான் வாயத் திறக்கும். இந்த டெஸ்ட்ட ஃபேஸிங்குக்கு முன்னாடி பண்ணுங்க, ஃபேஸிங் காச குடுத்த பிறகு விரிசல் தெரிஞ்சு என்ன லாபம்.

கம்ப்ளைண்ட்: ஆயில் பால் டீ கலர்ல இருக்கு

லைனர் எஞ்சின்ல இது வந்தா ஹெட்ட கழட்டுறதுக்கு முன்னாடி சம்ப்ப (எஞ்சின் அடில இருக்குற ஆயில் தொட்டி) இறக்குங்க. கூலன்ட் சிஸ்டத்துக்கு காத்து ஏத்திட்டு கீழ இருந்து பாத்தா லைனர் அடி ஓ-ரிங் வழியா சொட்டுதான்னு தெரிஞ்சிரும். சொட்டுனா ஹெட்டு பாவம், அதுக்கு சம்பந்தமே இல்ல. மாறா ரேடியேட்டர்ல ஆயில் மிதக்குது, ஆயில்ல தண்ணி இல்லன்னா ஆயில் கூலர் இருக்குற வண்டில அதத்தான் முதல்ல சந்தேகப்படணும், ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணி அழுத்தத்தவிட அதிகம், அதனால ஆயில் தண்ணிப் பக்கம் போகுது.

எதுவா இருந்தாலும் தண்ணி கலந்த ஆயிலோட கடை வரைக்கும் ஓட்டிட்டு வராதீங்க, பேரிங் போயிரும். கட்டி இழுத்துட்டு வாங்க.

கம்ப்ளைண்ட்: ஃபேஸிங் பண்ணியாச்சு, நேராவும் இருக்கு, ஆனாலும் லீக்

இதுலதான் நிறைய பேர் குழம்புறாங்க. நேரா இருக்குறது ஒரு விஷயம், சொரசொரப்பு இன்னொரு விஷயம். ஃபேஸ் சொரசொரப்ப ஆர்ஏன்னு ஒரு அளவுல சொல்லுவாங்க. பழைய ஃபைபர், கிராஃபைட் பேக்கிங்குக்கு 1.5ல இருந்து 2.5 மைக்ரான் வரைக்கும் சொரசொரப்பு வேணும், அந்தச் சொரசொரப்புல கடிச்சுக்கிட்டு நிக்கும். எம்எல்எஸ்க்கு 1.25க்கு கீழ, 0.8 பக்கம் இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா அதுல மேல இருக்குறது மெல்லிசான ரப்பர் பூச்சு மட்டும், பெரிய கோட்ட அது நிரப்பாது. பழைய எஞ்சினுக்கு "இது ஸ்டீல் பேக்கிங், போகவே போகாது"ன்னு எம்எல்எஸ் வாங்கி மாட்டுறாங்க, ஃபேஸிங் மட்டும் பழைய பேக்கிங்குக்கு அடிச்ச மாதிரியே இருக்கும், அப்பறம் எப்பிடி நிக்கும்.

இரும்பு பிளாக்கு மேல அலுமினியம் ஹெட்டுன்னா இது இன்னும் முக்கியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு தடவ சூடாகி ஆறும்போதும் ஹெட்டு பேக்கிங் மேல கொஞ்சம் நகர்ந்து திரும்ப வருது, ஃபேஸ் சொரசொரப்பா இருந்தா எமரி மாதிரி பூச்ச உரிச்சு எடுத்துரும்.

லேத்துல கேக்க வேண்டியத கேளுங்க. அலுமினியத்துக்கு வைரப் பொடி டூல், இரும்புக்கு சிபிஎன் டூல், கடைசி கட் மெல்லிசா, ஃபீடு மெதுவா. அலுமினியத்த சாணக் கல்லுல தேச்சா கல்லு அடைச்சுக்கிட்டு ஃபேஸ கிழிக்கும். கோணுன ஹெட்ட பெட்ல வச்சு கிளாம்ப்ப நல்லா இறுக்குனா அது தற்காலிகமா நேராயிரும், நேரானத வெட்டிட்டு கிளாம்ப்ப லூஸ் பண்ணுனா பழைய கோணலுக்கு திரும்பிரும். அடில எங்க இடைவெளி இருக்கோ அங்க ஷிம் குடுத்து இறுக்கச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்ததும் பில்ல பாக்காம ஸ்ட்ரெயிட் எட்ஜ வைங்க.

ஹெட்டுக்குள்ளயே கேம் ஷாஃப்ட் (வால்வத் திறக்குற தண்டு) இருக்குற எஞ்சின்ல கீழ ஃபேஸ் கோணிருச்சுன்னா மேல கேம் உக்கார்ற வரிசையும் அதே அளவு கோணியிருக்கும். கீழ மட்டும் வெட்டி நேராக்குனா மேல கோணல் அப்பிடியே நிக்கும், கேம் இறுகும், சில சமயம் ஒடிஞ்சே போகும். கேம கேப் போட்டு இறுக்கி கையால சுத்துங்க, ஃப்ரீயா சுத்தலன்னா முதல்ல ஹெட்ட சூடு பண்ணி நிமித்துற ஆளுகிட்டதான் போகணும்.

கம்ப்ளைண்ட்: ரீபில்ட் பண்ணி கொஞ்ச நாள்ல ஆயில் பிரஷர் இறங்கி பேரிங் சத்தம்

ஃபேஸ் கிளீன் பண்ணும்போது என்ன டூல் போட்டீங்கன்னு யோசிங்க. கிரைண்டர்ல நைலான் பஃபிங் டிஸ்க் மாட்டி ரெண்டு நிமிஷத்துல ஃபேஸ பளபளன்னு ஆக்குறது பாக்க நல்லாத்தான் இருக்கு. அந்த டிஸ்க்ல அலுமினியம் ஆக்சைடு மணல் இருக்கு, வெட்டுற கல்லுல இருக்குற அதே சரக்கு. அது ஆயில் வழிக்குள்ள விழுந்து ஃபில்டருக்கே தப்பி பேரிங்ல பதிஞ்சு கிராங்க்க அறுக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன்னோட டீலர்களுக்கே இந்த டிஸ்க்க பேக்கிங் ஃபேஸ்ல போடாதீங்கன்னு சர்வீஸ் புல்லட்டின் அனுப்பியிருக்கு. மணல் போக இன்னொரு கெடுதல், அலுமினியத்துல டிஸ்க்க கொஞ்ச நேரம் ஒரே இடத்துல வச்சாலே பள்ளம் விழுந்துரும், மேல சொன்ன 0.05 அளவெல்லாம் அங்கயே காலி.

நான் பண்றது இதுதான்: ஆயில் ஓட்டை, தண்ணி ஓட்டை எல்லாத்தையும் துணி உருட்டி அடைச்சிருவேன். பிஸ்டன் ஓரத்துல சுவத்தோட ஒட்டி கிரீஸ் வளையம் போட்டுட்டா விழுற தூசி அதுல ஒட்டிக்கும், கடைசில கிரீஸோட வழிச்சு எடுத்துரலாம். பேக்கிங் ரிமூவர் அடிச்சு ஊற விட்டு, அலுமினியத்துக்கு பிளாஸ்டிக் ஸ்கிராப்பர், இரும்புக்கு பிளேடு படுக்கவாக்குல. மிச்சத்துக்கு நேரான கட்டைல எமரி சுத்தி கையாலதான், விரல்ல வச்சு தேச்சா விரலு விரலா பள்ளம் விழும். ஊதுற காத்த விட உறிஞ்சுற வேக்குவம் நல்லது, ஊதுனா குப்பை ஆயில் வழிக்குள்ளதான் போகும். கடைசியா தின்னர் இல்ல அசிட்டோன் போட்டு நூல் விடாத துணியால, துணில கறுப்பு வர்றது நிக்கிற வரைக்கும். மண்ணெண்ணெயும் டீசலும் எண்ணெய்ப் படலத்த விட்டுட்டுப் போகும், கடைசித் தொடைக்கு அது ஆகாது.

கம்ப்ளைண்ட்: டார்க் ரெஞ்ச் "டிக்" அடிச்சிருச்சு, ஆனா பேக்கிங் நசுங்கவே இல்ல

போல்ட்ட இறுக்குற பலத்துல கிட்டத்தட்ட பத்துல ஒம்போது பங்கு உரசல்லயே போயிரும், மரைலயும் போல்ட் தலைக்கு அடியிலயும். மிச்சம் ஒரு பங்குதான் ஹெட்ட அழுத்துது. மரைல துரு, பழைய பசை இருந்தா ரெஞ்ச் சரியான நம்பர காட்டும், ஹெட்டு மேல இறுக்கம் இருக்காது. புது டேப் போட்டு மரைய வெட்டாதீங்க, மரை மெலிஞ்சிரும். அதே அளவு பழைய ஹெட் போல்ட் ஒண்ணுல நீளவாக்குல ரெண்டு மூணு கோடு ஹேக்சா பிளேடால அறுத்துட்டு அத உள்ள விட்டு எடுத்தா அழுக்க வழிச்சுக்கிட்டு வந்துரும்.

அடி மூடுன ஓட்டைல தண்ணியோ ஆயிலோ நின்னா போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாம பிளாக்கையே பொளந்துரும். கம்ப்ரஷர் காத்து விட்டு எடுங்க, கண்ணாடி போட்டுக்கங்க. தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள திறக்குற ஓட்டைன்னா மட்டும் மரைல சீலன்ட் வேணும்.

அப்பறம் பிளாக்கு ஓட்டை வாயப் பாருங்க. பல தடவ இறுக்குன பிளாக்குல முதல் மரை மேல இழுபட்டு ஓட்டையச் சுத்தி மோதிரம் மாதிரி மேடு வந்திருக்கும், விரல்ல தடவுனா தெரியாது, ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சா ஆடும். இந்த மேடு ஹெட்ட தூக்கிப் புடிச்சுக்கும். வாய லேசா சரிவா கவுண்டர் சிங்க் பண்ணி, மேல ஒரு நேரான எண்ணெய்க் கல்ல ஓட்டுனா சரியாயிரும். டிகிரி கணக்குல இறுக்குற இழுபடுற வகை போல்ட்ட திரும்பப் போடாதீங்க.

கம்ப்ளைண்ட்: ரீபில்டுக்கு அப்பறம் கடக் கடக்னு சத்தம், கறும்புகை

அதிகமா வெட்டிட்டாங்க. நேரடி இன்ஜெக்ஷன் டீசல்ல பிஸ்டன் பிளாக்கு ஃபேஸுக்கு மேல கொஞ்சம் வரும், பிளாக்க வெட்டுனா இன்னும் மேல வரும். டயல் கேஜ் வச்சு எல்லா பிஸ்டனையும் அளந்து, அதிகமா வர்ற அளவ வச்சுத்தான் பேக்கிங் தடிமன் எடுக்கணும், பேக்கிங் ஓரத்துல இருக்குற ஓட்டையோ வெட்டோ எத்தனைன்னு பாத்தா தடிமன் தெரியும். பழசுல இருந்த மாதிரியே வாங்கிட்டு வந்துர்றது பிளாக்கு வெட்டுன எஞ்சினுக்கு ஒத்துவராது. ஹெட்ட வெட்டுனா வால்வு முன்னாடி வரும், நாசில் நுனி அதிகமா நீட்டும், அதுக்கு வால்வு சீட்ட இறக்கணும், நாசில் வாஷர் தடிமன பாக்கணும். ஹெட்டோட குறைஞ்சபட்ச உயரம் மேனுவல்ல இருக்கும், சில டீசல் ஹெட்ட ஃபேஸ் பண்ணவே கூடாதுன்னு கம்பெனியே சொல்லியிருக்கும். ஏற்கனவே எத்தன தடவ வெட்டுனாங்களோ, அளந்துட்டு லேத்துக்கு அனுப்புங்க.

கம்ப்ளைண்ட்: முன் மூலைல மட்டும் ஆயில் கசிவு

டைமிங் கவர் பிளாக்கோட சேர்ற இடம். கவர போட்ட நிலையில பிளாக்கும் அதுவும் ஒரே மட்டமா இருக்கணும், பிளாக்க மட்டும் வெட்டுனா படி விழும். மூணு சாமான் சேர்ற அந்த முனைல மட்டும் ஒரு பயறு அளவு சீலன்ட் வைக்கலாம், எம்எல்எஸ் பேக்கிங் முழுக்க அனபாண்டோ ஷெல்லாக்கோ பூசுறது வேண்டாம்.

பூட்டும்போது

கைடு புஷ் ரெண்டும் இருக்கணும், பேக்கிங்ல "மேல்", "முன்" குறி பாத்து ஆயில் ஓட்டை நேரா வருதான்னு பாக்கணும், நடுவுல இருந்து சுத்தி சுத்தி வெளிய மேனுவல் தவணைல இறுக்கணும். டேப்பெட்ட புதுசா செட் பண்ணுங்க. பாட்டில்ல சொன்ன விகிதத்துல கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் ஊத்தி, வண்டி மூக்க மேடான இடத்துல நிறுத்தி காத்து எடுங்க. தெர்மோஸ்டாட்ட புடுங்கி எறியிற பழக்கம் இந்தப் பக்கம் அதிகம், அத விட்டுருங்க, மலை இறக்கத்துல எஞ்சின் குளிர்ந்து போய் மேட்டுல திடீர்னு சூடாகுறது ஃபேஸுக்கு நல்லதில்ல. முதல் சூட்டுக்கு அப்பறம் ஆயில மாத்துங்க. மறு இறுக்கம் பழைய ஃபைபர் பேக்கிங்குக்கு மேனுவல் சொன்னா மட்டும், எம்எல்எஸ்ஸ தொடாதீங்க.

ஒரு ராத்திரி ஆற விட்டு லெவல் பாருங்க, அப்பறம் காலி வண்டியா ஒரு ஏத்தம், ஆள் ஏத்தி ஒரு ஏத்தம். ரெண்டாவதுல தண்ணி கொஞ்சம் குறைஞ்சிருந்தா உள்ள நின்ன காத்து போயிருக்கும், ஊத்தி நிரப்புங்க. மூணாவதுலயும் குறைஞ்சா ஹோஸ் கிளிப்பையும் ரேடியேட்டர் மூடியையும் பாத்துட்டு, குமிழி டெஸ்ட்ட முதல்ல இருந்து பண்ணிட்டுத்தான் அடுத்த ஸ்பேனர எடுக்கணும்.